எருக்கலஞ்செடி: கை நிறையப் பயன், கண்ணுக்கு ஆபத்து

வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு வாசகி கேள்வி-பதில் பகுதிக்கு எழுதியிருந்தார். ஒரே கடிதத்தில் மூன்று கேள்விகள். "எங்கள் புஞ்சையில் தரிசாகக் கிடக்கும் இடம் முழுக்க எருக்கலஞ்செடி மண்டிவிட்டது. வெட்டி உரமாகப் போடலாமா? வெள்ளாடு கடித்தால் ஏதும் ஆகுமா? விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்டப் பூப் பறிக்கும்போது என் மகன் கண்ணில் பால் தெறித்துவிட்டது. வலி ஒன்றும் இல்லை என்கிறான். ஆனால் மறுநாள் காலையில் எதைப் பார்த்தாலும் புகை மூட்டமாகத் தெரிகிறதாம். தானாகச் சரியாகிவிடுமா?"

கடிதம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தத் தாயிடம் தொலைபேசியில் பேசி, பையனை அன்றைக்கே கண் மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொன்னேன். உரமும் ஆடும் இரண்டு நாள் பொறுக்கும். ஆகவே இங்கேயும் மூன்றாவது கேள்விக்குத்தான் முதல் பதில்.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் வலிக்காது. அதுதான் அதன் சூழ்ச்சி. மிளகாய்ப் பொடி விழுந்தால் ஓடிப்போய் முகம் கழுவுகிறோம். எருக்கம்பால் மேல்பரப்பை மரத்துப்போகச் செய்துவிடுவதால், ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வார். பால் மெல்ல உள்ளே இறங்கி, கருவிழியின் உட்புறத்தில் இருக்கும் ஒற்றை அடுக்குச் செல்களைத் தாக்குகிறது. கருவிழிக்குள் தேவைக்கு மேல் நீர் ஏறாமல் பார்த்துக்கொள்வது அந்தச் செல்கள்தான். அவை பழுதானால் கருவிழி ஊறி வீங்கி, கண்ணாடி மேல் ஆவி படிந்ததுபோல் ஆகிவிடும். வெளிச்சம் பார்க்கக் கூசும். மேற்கு வங்கத்துக் கண் மருத்துவர்கள் இப்படிப் பாதிக்கப்பட்ட 29 கண்களை ஆராய்ந்து 2009-ல் இந்தியக் கண் மருத்துவ இதழில் எழுதினார்கள். வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றே: வலியே இல்லை, திடீரென்று பார்வை மங்கிவிட்டது. தக்க சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். ஆனால் அழிந்துபோன உட்புறச் செல்கள் நம் உடம்பில் மறுபடி முளைப்பதில்லை.

பால் பட்ட உடனே செய்யவேண்டியது: சுத்தமான தண்ணீரை, இமையை விரித்துப் பிடித்தபடி, 15 முதல் 20 நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவவேண்டும். காட்டில் வேறு வழி இல்லையென்றால் குடிக்கக் கொண்டுபோன தண்ணீரையே ஊற்றுங்கள். தாகம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கண்ணைக் கசக்கக் கூடாது. தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம். வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்கவேண்டும். பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை விடாதீர்கள். இதற்குக் கொடுக்கிற சில சொட்டு மருந்துகள் மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் போட்டால் வேறு கேடு செய்யும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. 2000-களின் தொடக்கத்தில், சிவகாசிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் மகளிர் குழுவுக்கு ஐந்திலைக் கரைசல் செய்முறை காட்டினேன். எருக்கு, நொச்சி, வேம்பு, ஆடாதொடை, புங்கன் என்று ஐந்து இலைகளையும் அவர்களையே பறித்துவரச் சொன்னேன். எந்த இலை எத்தனை கிலோ, எத்தனை நாள் ஊறவேண்டும், எந்தப் பூச்சிக்கு எத்தனை லிட்டர் என்று ஒரு மணி நேரம் பேசினேன். எருக்கை ஒடித்த கையால் கண்ணைத் தொடாதீர்கள் என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை. வெயில் நேரம். ஓர் அம்மாள் நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்திருக்கிறார். மறுநாள் சாயங்காலம்தான் எனக்குத் தகவல் வந்தது. அதற்குள் வலது கண்ணில் பாதிப் பார்வை போயிருந்தது. மதுரைக்குக் கூட்டிப்போனோம். மூன்று வாரம் ஆனது பார்வை தெளிய. "சாருக்குத் தெரிஞ்சா சொல்லியிருப்பாருல்ல" என்று என் முன்னாலேயே தன் மகனைச் சமாதானப்படுத்தினார் அந்த அம்மாள். எனக்குத் தெரியும் என்பதுதான் விஷயம். கல்லூரியில் படித்தது. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சரி, செடிக்கு வருவோம்.

நம் பக்கம் ஓடைக்கரை, கண்மாய்க்கரை, ரோட்டோரம், தரிசு என்று எங்கும் நிற்பது ஊதாப்பூப் பூக்கும் பெரிய எருக்கு. அதன் இதழ்கள் விரிந்து பின்னால் மடங்கியிருக்கும். இதிலேயே வெள்ளைப் பூப் பூப்பதைத்தான் வெள்ளெருக்கு என்கிறோம். இதழ் நிமிர்ந்து, நுனியில் மட்டும் ஊதா நிறம் தீட்டியதுபோல் இருக்கும் இன்னொரு வகையும் உண்டு. அதுதான் அசல் பாலைவனத்துக்காரன். ராஜஸ்தானில் 'ஆக்' என்பார்கள். தார் பாலைவனம் தொடங்கி அரபு நாடு, சகாரா வரைக்கும் அது பரவியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் மேய்ச்சல் நிலத்தைப் பிடித்துக்கொண்டு இன்று அங்கே தொல்லைக் களையாக நிற்கிறது. ஒட்டகச் சேணத்துக்குள் திணித்த எருக்கம்பஞ்சோடு விதை போய்ச் சேர்ந்தது என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள்.

இலையை விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு பூசியதுபோல் வெள்ளையாக ஒட்டும். தடித்த இலை, மெழுகுப் பூச்சு, ஆழமாகப் போகும் வேர். கம்பும் குதிரைவாலியும் கருகிப்போகிற வருஷத்திலும் எருக்கு பச்சையாக நிற்பதற்கு இவைதான் காரணம். ஆட்டுக் கிடையெல்லாம் மேய்ந்து மற்றதை வழித்துவிடும். எருக்கை மட்டும் தொடாது. ஒரு நிலத்தில் எருக்கு பெருகினால் அங்கே மேய்ச்சல் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

ஆடு தொடாததற்குக் காரணம் அந்தப் பால். அதில் இரண்டு விதமான சரக்கு இருக்கிறது. ஒன்று, புரதத்தைக் கரைக்கும் நொதி. பப்பாளிப் பாலில் இருக்கிறதே, அதற்கு உறவு. மற்றொன்று இதயத்தைத் தாக்கும் நஞ்சு. கலோட்ரோபின் முதலான பல பொருள்கள் அதில் அடக்கம். அரளியில் இருப்பதும் இதே குடும்பத்து நஞ்சுதான். குமட்டல், வாந்தியில் தொடங்கி, நாடித் துடிப்பு தாறுமாறாகி, அளவு மிஞ்சினால் இதயமே நின்றுவிடும்.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் நம் பெரியவர்கள் சொன்ன வைத்தியங்களில் எது சரி, எது வம்பு என்று பிரித்துப் பார்த்துவிடலாம்.

காலில் கருவேல முள் ஒடிந்து உள்ளே தங்கிவிட்டால் எருக்கம்பாலை அதன்மேல் வைப்பார்கள். தோல் ஊறி இளகி, முள் மேலே வரும். இது நொதியின் வேலை. தோல் பதனிடுகிறவர்கள் ஆட்டுத்தோலில் முடி கழற்ற இதே பாலை ஒரு காலத்தில் பயன்படுத்தியதும் இதனால்தான். உள்ளங்காலின் தடித்த தோலில் ஒரு சொட்டு வைப்பதில் பெரிய ஆபத்து இல்லை. முகத்து மருவுக்கு வைக்கிறேன் என்று கிளம்பினால் தோல் வெந்துவிடும். கண்ணுக்கும் அது பக்கம்.

குதிகால் வலிக்குச் செங்கல்லைச் சூடுபண்ணி, அதன்மேல் பழுத்த எருக்கிலையைப் போட்டுக் குதிகாலை வைத்து வைத்து எடுப்பார்கள். என் தாயார் கடைசிவரை செய்தார். சுகமாகத்தான் இருக்கும். சூடு செய்கிற வேலை அதில் பாதிக்கு மேல் என்பது என் எண்ணம். ஒரு எச்சரிக்கை மட்டும்: சர்க்கரை நோய் இருப்பவர்கள் இதைச் செய்யவேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால் கல் சுடுவதே தெரியாது. கொப்புளம் வந்து, அது ஆறாத புண்ணாகிவிடும்.

பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைப்பது கூடவே கூடாது. பால் தொண்டைக்குள் இறங்கிவிடும். தேள் கொட்டினால் எருக்கம்பாலைத் தடவிவிட்டுக் காத்திருப்பதும் வீண். தேள் விஷத்துக்கு மகாராஷ்டிர மாநிலம் மகாட் ஊரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் பல ஆண்டு பாடுபட்டு நிலைநாட்டிய பிரசோசின் மாத்திரைச் சிகிச்சை இருக்கிறது. குழந்தைகளுக்குத் தேள் கொட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாம்புக்கடிக்கு அரசு மருத்துவமனையில் விஷமுறிவு ஊசி உண்டு. வேரை அரைத்துக் கொடுப்பது நேரத்தைத் தின்னும் வேலை.

சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் எருக்கு மருந்துச் சரக்குதான், மறுக்கவில்லை. ஆனால் முறைப்படி சுத்தி செய்து, அளவறிந்து கொடுப்பது படித்த வைத்தியரின் வேலை. மருந்துச் சட்ட விதிகளில் உள்ள இ-1 என்ற நச்சுச் சரக்குகளின் அட்டவணையில், ஆயுர்வேதப் பிரிவின் கீழ் எருக்கும் இடம்பெற்றிருக்கிறது. கைபேசியில் வந்த குறிப்பைப் பார்த்து வீட்டில் கசாயம் வைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

இன்னொன்றையும் எழுதாமல் போனால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். எருக்கங்குச்சியைக் கருவைக் கலைக்கப் பயன்படுத்தி உயிரை விட்ட பெண்கள் எத்தனையோ. 1980-களின் நடுவில், நமக்கு அடுத்த உசிலம்பட்டிப் பகுதியில் பெண் சிசுக்களுக்கு எருக்கம்பால் புகட்டிய கொடுமை பத்திரிகைகளில் வெளிவந்து நாடே அதிர்ந்தது. 1992-ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தது அந்தப் பின்னணியில்தான். எருக்கு என்ற பேச்சை எடுத்தாலே வயதான பெண்கள் சிலர் முகம் மாறுவதை நான் கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். செடிமேல் பழி போட்டுப் பயனில்லை. அது பாட்டுக்கு ஓடைக்கரையில் நின்றது. வீட்டுக்குள் கொண்டுவந்தது மனிதர்கள்.

இதே செடியைத்தான் பிள்ளையாருக்கு மாலையாகப் போடுகிறோம். ரத சப்தமி அன்று ஏழு எருக்கிலைகளைத் தலையிலும் தோளிலும் வைத்துக் குளிக்கிறோம். வெள்ளெருக்கு நாரில் திரி போடுகிறோம், குழந்தைக்கு அரைஞாண் கட்டுகிறோம். எருக்கம்பூவைக் கொடுத்தாலும் தெய்வம் வேண்டாம் என்று சொல்வதில்லை என்ற கருத்தைக் கபிலர் புறநானூற்றில், பாரியைப் பாடும்போது சொல்லிவிட்டார். மதிப்பில்லாத பூ என்றும், சாமிக்கு ஆகிற பூ என்றும் அன்றைக்கே இரண்டு கணக்கு இருந்திருக்கிறது.

சிவகாசிக்காரர்களுக்கு இந்தச் செடியோடு வேறொரு பழக்கமும் உண்டு. எருக்கந்தண்டு லேசானது. அதைச் சுட்டு எடுக்கிற கரி மென்மையாக இருக்கும், பொடியாக நுணுங்கும், சட்டென்று பற்றும். அதனால் நாட்டு வெடிமருந்துக்கும் கோயில் வாணவேடிக்கைக்கும் எருக்கங்கரியை உயர்வாக மதித்தார்கள். 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததும், பிறகு 1940 வாக்கில் பட்டாசு ஆலைகள் எழும்பியதும் ஊரறிந்த வரலாறு. இன்றைக்கு ஆலைகளில் அலுமினியத்தூளும் வேறு ரசாயனங்களும் வந்துவிட்டன. இதை எழுதுவதற்குக் காரணம், நம் புஞ்சைக்காரக் குடும்பங்களில் பாதிப் பேர் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். தாத்தா செய்த கதையைக் கேட்டு, பள்ளிக்கூடப் பையன்கள் எருக்கங்கரியை இடித்து வீட்டிலேயே மருந்து கலந்து பார்க்க ஆசைப்படுவதுண்டு. கரியை இடிப்பதோடு பிள்ளைகள் நிற்கமாட்டார்கள். உரிமம் பெற்ற ஆலையில், விதிப்படி கலக்கும் இடத்திலேயே நடக்கிற விபத்துகள் உங்களுக்குத் தெரியும்.

இனி அந்த வாசகியின் முதல் கேள்வி. உரமாகப் போடலாமா?

தாராளமாக. எருக்கிலையில், காய்ந்த நிலைக் கணக்கில், தழைச்சத்து 2.06 சதவீதம், மணிச்சத்து 0.54, சாம்பல் சத்து 0.31 சதவீதம். வேப்பிலையில் தழைச்சத்து 2.83, புங்கிலையில் 3.31. ஆக எருக்கு நடுத்தரம்தான், ஆனால் இலவசம். இதை அளவுக்கு மீறிப் புகழ்வதையும் நான் ஏற்கமாட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் பச்சை இலையில் தண்ணீர் போக 150 முதல் 200 கிலோ காய்ந்த பொருள் மிஞ்சினால், அதில் தழைச்சத்து 3 அல்லது 4 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது ஏறக்குறைய 20 கிலோ. எருக்கை மட்டும் வெட்டிப்போட்டு யூரியாவை அடியோடு நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால், வெட்டுக்கூலி எவ்வளவு என்று கேளுங்கள். ஆனால் கரிசல் மண்ணுக்கு மக்குப்பொருள் தேவை, அந்தக் கணக்கு யூரியா மூட்டையில் வராது.

கண்மாய்ப் பாசன நெல் வயலுக்கு ஏக்கருக்கு இரண்டரை டன் தழை என்பது பரிந்துரை. எருக்கோடு புங்கு, வேம்பு, கிளைரிசிடியா என்று கிடைப்பதைச் சேர்த்துத் தொழியில் மிதித்து, மக்குவதற்கு ஒரு வாரத்துக்குக் குறையாமல் விட்டு நடவு செய்யுங்கள். மானாவாரிக்கு நேரே போடவேண்டாம். எருக்கிலைச் சாறு விதை முளைப்பைத் தடுக்கும் தன்மை உடையது. குழியில் சாணத்தோடு அடுக்கி, மக்கவைத்து, பிறகு உழவில் சேர்த்தால் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் ஆகும். பூப்பதற்கு முன் வெட்டினால் தண்டு இளசாக இருந்து சீக்கிரம் மக்கும். காய் வெடித்துப் பஞ்சு பறக்கத் தொடங்கிய பிறகு வெட்டினால் பக்கத்து நிலத்துக்காரர் உங்களைத் திட்டுவார்.

பூச்சிவிரட்டிக்கும் எருக்கு நல்ல சரக்கு. ஐந்திலையும் வகைக்கு ஒரு கிலோ, நறுக்கி, பத்து லிட்டர் மாட்டுச் சிறுநீரில் ஒரு வாரம் ஊறவைத்து, வடிகட்டி, பத்து லிட்டர் டேங்குக்கு அரை லிட்டர் கலந்து சாயங்காலம் அடிக்கலாம். அசுவினி, இளம்புழு ஆரம்பத்தில் இருக்கும்போது கேட்கும். காய்ப்புழு காய்க்குள் போன பிறகு அடித்துவிட்டு என்னைக் குறை சொல்லாதீர்கள். இலையை வீட்டு உரலிலோ மிக்சியிலோ அரைக்கவேண்டாம். அதற்கென்று ஒரு பழைய கல்லை வைத்துக்கொள்ளுங்கள். கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். வெல்டிங் கடைக்காரர் போடுகிற சாதாரண வெள்ளைக் கண்ணாடி போதும்.

ஆடு பற்றிய கேள்வி. நம் ஊரில் பிறந்து வளர்ந்த வெள்ளாடு பச்சை எருக்கைக் கடிக்காது. சிக்கல் வேறு வழியில் வரும். வரப்போரச் சோளத்தட்டையை அறுக்கும்போது எருக்கும் சேர்ந்து வந்து, தட்டை வெட்டும் எந்திரத்தில் துண்டு துண்டாகிவிட்டால் ஆட்டால் பிரித்தெடுக்க முடியாது. வெளியூர்ச் சந்தையில் வாங்கி வந்த ஆடு, பட்டினியோடு வந்திறங்கிய முதல் நாளில் எதையும் கடிக்கும். கோடையில் தீவனம் அற்றுப்போனாலும் அப்படித்தான். தீவனம் எடுக்காமல் நின்று, வாயில் நுரை தள்ளி, கழிந்து, நடை தள்ளாடினால் சந்தேகப்படுங்கள். கை வைத்தியம் பார்க்காமல் 1962 எண்ணுக்கு அழைத்துக் கால்நடை மருத்துவரிடம் எருக்கு தின்றிருக்கலாம் என்று சொல்லுங்கள். மனிதர் யாராவது விழுங்கிவிட்டால் 108. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். செடியின் ஒரு கிளையைப் பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தரிசை மொத்தமாக எருக்கில்லாமல் ஆக்கவேண்டுமானால் அறுத்தால் போதாது, அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஐப்பசி மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு தோண்டவேண்டும். ஆனால் ஓடைக்கரையில் நாலைந்தை விட்டுவையுங்கள் என்பேன். கரும்புள்ளியிட்ட ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று பறக்கிறதே, அதன் புழுவுக்கு இதுதான் சாப்பாடு. மஞ்சளும் நீலமுமாக எருக்கில் கூட்டமாக உட்காரும் வெட்டுக்கிளியும் பெரும்பாலும் எருக்கை விட்டு நகராது. 2020 மே மாதம் வட இந்தியாவில் பாலைவன வெட்டுக்கிளி பேச்சு கிளம்பியபோது, கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரியில் இந்த வெட்டுக்கிளியைப் பார்த்துவிட்டு மக்கள் பதறிப்போனார்கள். எனக்கும் அந்த வாரம் நிறைய அழைப்புகள். எதில் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்பேன், எருக்கில் என்பார்கள். அப்படியென்றால் பயிருக்கு ஆபத்தில்லை, மருந்தை வீணாக்காதீர்கள் என்பேன்.

வெம்பக்கோட்டைப் பையனுக்குப் பத்து நாளில் மூட்டம் விலகிவிட்டது. உட்புறச் செல்கள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க ஒரு பரிசோதனை உண்டு. அதற்கு மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்களாம். மறக்காமல் போகச் சொல்லியிருக்கிறேன்.